மிக்கேலூர் உப்பளத்து நிழல்

மிக்கேலூர் உப்பளத்தில் மரம் கிடையாது. மரம் என்ன மரம், ஒரு எருக்கஞ்செடி கிடையாது, ஒரு புல் கிடையாது. கடவுள் பூமியில் பச்சையெல்லாம் முளைக்கச் சொல்லிக்கொண்டே வந்தவர் அந்த இடத்துக்கு மட்டும் சொல்ல மறந்துபோனார் என்று ஊரில் சொல்வார்கள். மேலே ஒரு வெயில், கீழே பாத்தித் தண்ணீரில் பட்டு முகத்தில் அறைகிற இன்னொரு வெயில் என்று இரண்டுக்கும் நடுவில் வறுபட்டு உப்பு வாருகிற அந்தச் சனங்களுக்கு, பங்குச்சாமி பிரசங்கத்தில் மோட்சத்தைப் பற்றி எவ்வளவு அழகாகச் சொன்னாலும், தங்கத் தெருவும் முத்து வாசலும் மனசில் ஒட்டாது. மோட்சம் என்றால் அங்கே ஒரு வேப்பமரம் நிற்கும், அதற்குக் கீழே துண்டை விரித்துப் படுக்கலாம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு தவக்காலத்தில் ஒரு பெண்ணின் நிழல் மரம்போல வளர்ந்தது. ஏன் வளர்ந்தது, எப்படி வளர்ந்தது என்று கேட்கிறவர்கள் பங்குனி மாசத்து உச்சிவெயிலில் வெறுங்காலோடு ஒருநாள் பாத்தியில் நின்றுவிட்டு வந்து கேட்கட்டும். அப்புறம் கேட்க மாட்டார்கள்.

அந்தப் பெண்ணின் பேர் சலேத்மேரி. வயசு நாற்பதைத் தொட்டிருக்கும். புருஷன் ஒரு ஐப்பசிப் புயலில் வள்ளத்தோடு போனவன் திரும்பவில்லை. பிள்ளையும் இல்லை. அவள் வீட்டுக்கும் கொழுந்தன் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். கொழுந்தன் கொல்லத்துப் பக்கம் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவன், வருஷத்தில் பாதி நாள் வீடு தங்கமாட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள் அவன் பெண்டாட்டி வியாகுலம், சலேத்துக்கு ஓரகத்தி. இரண்டு பேருக்கும் ஒரே உப்பளத்தில் வேலை, ஒரே லாரியில் ஏறி ஒரே லாரியில் இறங்குவார்கள், ஆனால் பேச்சு கிடையாது. கோயிலில் பூசை நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சாமி சொல்லும்போது, பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும், இவள் வடக்கே பார்த்துக் கும்பிடுவாள், அவள் தெற்கே பார்த்துக் கும்பிடுவாள். நடுவில் சமாதானம் யாரும் எடுப்பாரில்லாமல் நிற்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. வியாகுலத்துக்கு இரண்டு தடவை வயிற்றில் பிள்ளை தங்காமல் கலைந்துபோனது. வெயிலும் தலைச்சுமையும் கலைத்ததை யாராவது வெயிலைக் கேட்க முடியுமா? கேட்க ஒரு ஆள் வேண்டுமே. தெருக்குழாயடியில் குடமெல்லாம் காத்திருக்க, ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, "மலடி கண்ணு பட்ட வயிறு எப்படித் தங்கும்?" என்று வியாகுலம் ஒரு வார்த்தை விட்டாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. சலேத் பாதி நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அழுகை சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடக் கூடாது என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

அந்த வருஷம் சாம்பல் புதனன்று பங்குச்சாமி நெற்றியில் சாம்பல் பூசி முடித்துவிட்டு ஒரு வினோதமான பிரசங்கம் வைத்தார். "வருசா வருசம் மீனை விடுறீங்க, கறியை விடுறீங்க, நாப்பது நாள் கழிச்சு ரெண்டு பங்கா சாப்பிட்டுர்றீங்க. இந்தத் தடவை ஒறுத்தல் வேற மாதிரி செய்வோம். உங்களுக்கு ஆகாத ஒரு ஆளுக்குத் தினம் ஒரு நன்மை செய்ங்க. செஞ்சது அவங்களுக்குத் தெரியக் கூடாது." சனங்கள் தலையாட்டினார்கள். வெளியே வந்ததும், இதற்கு மீனை விடுவதே லேசு என்று ஒருமனதாக முடிவுசெய்து மீனை விட்டார்கள். கங்காணி தொம்மை எந்த வருஷமும் போல மூக்குப்பொடியை விட்டார். எந்த வருஷமும் போல இரண்டாம் வாரமே அது அவரிடம் திரும்பி வந்துவிடும்.

சலேத்துக்கு மட்டும் அந்தப் பேச்சு காலில் குத்திய முள்ளாக நின்றுவிட்டது. ஆகாத ஆள் யார் என்று யோசிக்கவே வேண்டாம், சுவருக்கு அந்தப் பக்கம் இருமுகிறாள். அதிலும் அவள் மறுபடி உண்டாகியிருந்தாள். ஐந்து மாசம். புருஷன் கடலில், வேலைக்கு வராமல் தீராது. சாயங்காலங்களில் அந்தப் பக்கம் அவள் வயிற்றோடு பேசுவது சலேத்துக்குத் தெளிவாகக் கேட்கும். "இந்த வாட்டி இருந்துரு என்ன? உனக்குக் கோடிப் புண்ணியம். அம்மைக்கு இனி அழக் கண்ணீர் இல்ல, இருந்துரு." கேட்டுக்கொண்டிருந்த சலேத்துக்குக் கோபம் இருந்த இடத்தில் வேறு என்னமோ வந்து அடைத்துக்கொண்டது. "சேசுவே, நான் அவளுக்கு என்னத்தைக் குடுக்க? குடுத்தா வாங்குவாளா? எங்கிட்ட இருக்கது என் நெழலு ஒண்ணுதான். அதைக் குடுக்கேன்" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது, சாதாரணமாக. வியாகுலம் குனிந்து வாருபலகையால் உப்பு வாரும்போது, சலேத் சூரியனுக்கு முதுகைக் காட்டி, தன் நிழல் அவள் பிடரியில் விழுகிற மாதிரி ஒரு இடம் பார்த்து நின்று தன் வேலையைச் செய்வாள். காலை வெயிலில் நிழல் நீளம், அதனால் தூரமாக நின்றாலும் எட்டிவிடும், யாருக்கும் தெரியாது. வெயில் ஏற ஏற நிழல் குறுகும். உச்சிப்பொழுதில் எல்லார் நிழலும் அவரவர் காலடிக்குள் பூனைக்குட்டி மாதிரி ஒண்டிக்கொள்ளும். அந்த நேரம்தான் வெயில் கொல்லும், அந்த நேரம்தான் நிழல் இருக்காது. சலேத் குனிந்து தன் காலடியைப் பார்த்து, "போகாத, கொஞ்சம் பொறு" என்று சொன்னாள். நிழல் பொறுத்தது. மறுநாள் ஒரு முழம் நீண்டது. அதற்கு மறுநாள் வரப்பைத் தாண்டி அடுத்த பாத்திக்குள் இறங்கியது. பிறகு அகலம் வைத்தது, கிளை விட்டது, ஓரங்களில் இலை அசைகிற மாதிரி லேசாக அசையவும் செய்தது.

முதலில் கண்டது கங்காணி தொம்மைதான். "ஏ சலேத்து, நட்டுவச்ச கம்பு மாதிரி என்னட்டி நிக்க, வாருபலகை என்ன சாமரமா" என்று கத்திக்கொண்டே வந்தவர் அந்த நிழலுக்குள் காலை வைத்தார். மிச்சத் திட்டு வாயிலேயே ஆறிப்போயிற்று. கீழே பார்த்தார். மேலே பார்த்தார். மரமில்லை, மேகமில்லை. தலைத்துண்டை அவிழ்த்து விரித்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கொஞ்சம் அந்தால தள்ளி நில்லு, என் கால் வெயில்ல கெடக்கு" என்றார். மிக்கேலூர் ஆச்சரியப்பட்டது அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து சனங்கள் தூக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு மத்தியானக் கஞ்சிக்கு அங்கே வந்துவிட்டார்கள். அந்த நிழலில் வைத்த மோர் புளிக்கவில்லை, அந்த நிழலில் மீன்காரி இறக்கிவைத்த மீன் சாயங்காலம்வரை கண் மங்கவில்லை, அந்த நிழலில் படுத்த குழந்தை அழவில்லை. அடுத்த உப்பளத்துக்காரர்கள் வந்தார்கள், லாரி டிரைவர்கள் வந்தார்கள். பக்கத்து ஊர் பெந்தெகொஸ்தேக்காரர்கள் வந்து, நிழல் எங்கேயிருந்து வந்தாலும் ஆண்டவர் நிழல்தான் என்று ஒரு ஓரமாக உட்கார்ந்து, மற்றவர்களை விடச் சத்தமாக ஒரு பாட்டுப் பாடினார்கள். கடல்தண்ணீரைத் தேக்கிவைக்கிற தெப்பத்தில் நின்ற பூநாரைகள்கூட வந்து ஒற்றைக்காலில் வரிசையாக நின்றன. பங்குச்சாமியே ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, நிழலின் நடுவில் உட்கார்ந்து, செபப் புத்தகத்தைத் திறந்து, மூடி, அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். எழுந்து முகம் துடைத்துக்கொண்டு உபதேசியாரைக் கேட்டார்.

"இதைப் பத்தி ஆயர் இல்லத்துக்கு எழுதிப்போடணுமோ?"

கோயில் காரியமெல்லாம் பார்க்கிறவர் உபதேசியார் மனுவேல், அனுபவஸ்தர். "எழுதினா விசாரிக்க வருவாவ சாமி. வந்தா அவுகளும் உக்காருவாவ. இருக்கிற எடமே நமக்குப் பத்தல" என்றார். சாமி எழுதவில்லை.

எல்லாருக்கும் அந்த நிழலின் குளிர்ச்சி தெரிந்தது, ஒரு ஆளைத் தவிர. தன் நிழலில் தானே ஒதுங்க எவளால் முடியும்? "யம்மாடி, குத்தாலத்துச் சாரல்லா அடிக்கு இதுக்குள்ள" என்று பெண்கள் சொல்லச் சொல்ல, சலேத் வெயிலில் நின்றுகொண்டு, "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொள்வாள். அவள் முதுகுத்தோல் காய்ந்த வாழைச்சருகாகச் சுருண்டு உரிந்தது. படுக்கும்முன் தேங்காயெண்ணெய் தடவத் தன் கை எட்டாது, தடவிவிட ஆளும் கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், யாருக்காக அந்த நிழல் வளர்ந்ததோ அவள் மட்டும் அதில் உட்காரமாட்டேன் என்று நின்றாள். "மலடி நெழல்ல ஒதுங்கி எம் பிள்ளையப் பறிகொடுக்கவா?" என்று சொல்லி, நிழல் கிழக்கே வந்தால் அவள் மேற்கே போனாள், வடக்கே வந்தால் தெற்கே போனாள். சலேத் விடுவாளா? வியாகுலம் நான்காம் பாத்திக்குப் போனால், விளைந்த உப்பு அங்கேதான் இருக்கிறது என்பது மாதிரி வாருபலகையைத் தூக்கிக்கொண்டு அவளும் ஒரு வரப்பு தள்ளிப் போய்ச் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். அவள் நகர்ந்தால் நிழல் நகரும். நிழல் நகர்ந்தால் அதற்குள் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த சனம் பூராவும், சட்டியும் துண்டும் பிள்ளையும் குட்டியுமாக, எழுந்து எழுந்து பின்னாலேயே ஓட வேண்டும். பூநாரைகளும் ஓடும். ஒரு வாய் கஞ்சியை நிம்மதியாகக் குடிக்க விடுகிறாளா பார் என்று முணுமுணுப்புக் கிளம்பியது. உதவி வாங்குகிறவனுக்கு எப்போதும் ஒரு குறை இருக்கும், அது எந்த ஊரிலும் உள்ளதுதான்.

தொம்மை நேராகவே கேட்டுவிட்டார். "ஏட்டி, அவ உன்னையப் பேசின பேச்சு என்ன, நீ அவ பின்னால அலையிறது என்ன? ஒரு எடத்துல நில்லேன், ஊருக்காவது ஆகும்."

"நான் யாரு பின்னாலயும் அலையலண்ணே. வேலை இருக்க எடத்துல நிக்கேன்" என்றாள் சலேத். தெரியக் கூடாது என்றல்லவா சாமி சொல்லியிருக்கிறார்.

சலேத் ஒன்றும் புனிதை இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சில நாள் லாரியில் ஏறும்போது வியாகுலம் தன் சேலை இவள்மேல் பட்டுவிடாமல் இழுத்துச் செருகிக்கொள்வாள். அன்றைக்கெல்லாம் சலேத்துக்குக் குழாயடி ஞாபகம் வந்து, 'வேகட்டும், எனக்கென்ன வந்தது' என்று மனசு திரும்பிக்கொள்ளும். அந்த நிமிஷமே நிழல் ஒரு கோரைப்பாய் அளவுக்குச் சுருங்கிவிடும். சனங்கள் ஐயோ ஐயோ என்று ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கை காலை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "உதைக்கியா? உதை உதை, நல்லா உதை" என்று அந்தக் குரல் கேட்கும். சலேத் இந்தப் பக்கம் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். மறுநாள் நிழல் முன்னைவிடப் பெரிதாக விழும்.

இப்படி இருக்கும்போது சூசையப்பர் திருநாள் வந்தது. உழைப்பாளிகளின் பாதுகாவலர் என்று மிக்கேலூரில் அன்றைக்குச் சாமியே உப்பளத்துக்கு வந்து பாத்திகளை மந்திரிப்பார். தீர்த்தம் தெளிக்கும்போது மட்டும், உப்பு கரைந்துவிடுமே என்ற பயத்தில், "சாமி, கொஞ்சமா, கொஞ்சமா" என்று சனங்கள் கூடவே சொல்லிக்கொண்டு வருவார்கள். அந்த வருஷம் இன்னொரு ஏற்பாடும் நடந்தது. இவ்வளவு நாள் நம்மைக் காத்தவளுக்கு நாம் என்ன செய்தோம் என்று உபதேசியார் கேட்டார். ஊர் கூடிப் பேசியது. பேசிப் பேசி, சலேத்துக்கு ஒரு பந்தல் போடுவது என்று முடிவானது. அன்பும் அதில் இருந்தது, இனிமேலாவது அவள் ஒரே இடத்தில் இருப்பாள் என்ற நினைப்பும் கொஞ்சம் இருந்தது.

நான்கு மூங்கில் நட்டு, கோயில் திருவிழாவுக்குப் போடுகிற சிவப்பு மஞ்சள் சாமியானாத் துணியைக் கட்டி, உறுதிபூசுதலுக்கு ஆயர் வரும்போது மட்டும் வெளியே எடுக்கிற சிம்மாசன நாற்காலியைக் கொண்டுவந்து நடுவில் போட்டார்கள். மல்லிகை மாலை வேறு.

"எனக்கு எதுக்குச் சாமி, வேலை கெடக்கு" என்றாள் சலேத். அவள் கண் நான்காம் பாத்திக்குப் போனது. அங்கே வியாகுலம், இந்தக் கொண்டாட்டத்தைப் பார்க்கப் பிடிக்காமல், திருநாளும் பெருநாளும் உனக்குத்தான் என்று முதுகைத் திருப்பிக்கொண்டு தனியாக உப்பு வாரிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு ஒருநாள் உக்காருங்கம்மா, எங்களுக்காக" என்றார் சாமி.

ஒரு நிமிஷம்தானே என்று சலேத் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் மேல் நிழல் விழுந்தது. அடேயப்பா! நிழல் என்றால் இப்படியா இருக்கும்? தலையிலிருந்து இறங்கி, உரிந்த முதுகில் வழிந்து, வெடித்த பாதம்வரை அது இறங்கிப் போனது. இதைத்தானா இத்தனை நாள் எல்லாருக்கும் கொடுத்தோம்? சனங்கள் சொன்னதெல்லாம் குறைச்சலப்பா. மோட்சத்து வேப்பமரம் இதுதான் என்று நினைத்து அவள் கண்ணை மூடினாள். கண்ணை மூடிய அந்த நேரம், சொல்லத்தானே வேண்டும், அவளுக்கு வியாகுலம் ஞாபகமே இல்லை.

வெளியே, மடை திறந்த பாத்தியில் தண்ணீர் வடிகிற மாதிரி நிழல் வடிந்து போய்விட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் சுட்ட மணலிலிருந்து துள்ளி எழுந்தார்கள். அங்கே பார்த்தார்கள், இங்கே பார்த்தார்கள், நிழலைக் காணோம். பந்தலுக்குக் கீழே இருந்ததோ சலேத்துக்கும் சாமிக்கும் கங்காணிக்கும் போதுமான துணி நிழல். உபதேசியார்தான் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட கிறுக்குப் பயலுவளா, வெயில்ல நின்னாத்தானவே நெழலு விழும்? பந்தலைப் போட்டு மூடிட்டு எங்க போய்த் தேடுதிய?"

இத்தனை பேரில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. தொம்மை யோசித்து, "சரி, மந்திரிப்பு முடியட்டும். பந்தலைப் பிரிச்சிட்டு அவளை மறுபடி வெயில்ல நிப்பாட்டிருவோம்" என்றார். நல்ல யோசனை என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அதைக் கேட்டுக்கொண்டு அந்த நாற்காலியில் இருந்த சலேத்துக்கும் அது தப்பாகப் படவில்லை, அதுதான் கொடுமை.

அப்போது நான்காம் பாத்தியில் வாருபலகை விழுகிற சத்தம் கேட்டது.

வியாகுலம் உப்புத் தண்ணீரில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தாள். இரண்டு கையும் வயிற்றில் இருந்தன. சலேத் மாலையைக் கழற்றக்கூட நிற்காமல் எழுந்து ஓடினாள். பந்தலை விட்டு வெளியே கால் வைத்ததுதான் தாமதம், அவளுக்கு முன்னால் அவள் நிழல் வரப்புகளைத் தாண்டிக்கொண்டு ஓடிப் போய் வியாகுலத்தின்மேல் கவிந்துகொண்டது. "ஏட்டி, அவளுக்காடி ஓடுத, உன்னைய மலடின்னவளுக்கா?" என்று ஒருத்தி கத்தினாள். சலேத் திரும்பிப் பார்க்கவில்லை.

வியாகுலத்துக்கு நினைவு இருந்தது, பேச்சுத்தான் இல்லை. வயிறு கல்லாக இறுகியிருந்தது. லாரி காலையில் ஆட்களை இறக்கிவிட்டுப் போனது, சாயங்காலம்தான் வரும். ஆட்டோ வருவதென்றால் மேற்கே தார்ரோடு வரைதான் வரும். அதுவரை ஒற்றையடிக் கரையில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். சாமி போனை எடுத்து ஆட்டோவுக்குச் சொன்னார். தொம்மை ஓடிப்போய்ப் பந்தலைப் பிடுங்கினார். மூங்கில் இரண்டும் சாமியானாத் துணியும் வைத்துக் கட்டிய தூளியில் வியாகுலத்தைக் கிடத்தித் தூக்கினார்கள். உபதேசியார் குடை விரித்தார். கடல்காற்று அதைப் பிடுங்கித் தெப்பத்தில் போட்டது.

பொழுது மேற்கே சாய்ந்திருந்தது. ரோடும் மேற்கே. நிழல் விழுவதோ கிழக்கே. தூளியின்மேல் நிழல் விழ வேண்டுமென்றால் சலேத் தூளிக்கு முன்னால், சூரியனுக்கு நேர் முகமாக நடக்க வேண்டும். அவள் நடந்தாள். கண்ணை மூடினால் கரையிலிருந்து தவறிப் பாத்தியில் விழுவாள், அவள் விழுந்தால் நிழல் விழுந்துவிடும், அதனால் கண்ணை மூடாமல் நடந்தாள். எதிரே சூரியன், இரண்டு பக்கமும் பாத்திகளில் சூரியன், உப்பு அம்பாரங்களில் சூரியன், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட, "இருந்துரு கண்ணு, இந்த வாட்டி இருந்துரு, பெரியம்மை நிக்கேன், இருந்துரு" என்று சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடமான அந்த வார்த்தைகளையே செபமாலை உருட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டு நடந்தாள். தெரியக் கூடாது என்று சாமி சொன்னது அவளுக்கு மறந்துபோயிற்று. தூளியில் கிடந்தவளுக்கு எல்லாம் கேட்டது. தன் வயிற்றின்மேல் இலை அசைவது மாதிரி அசைகிற அந்த நிழலை அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். வர வர, இறுகிய வயிறு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

தார்ரோடு ஓரத்தில் தூளியை இறக்கினார்கள். ஆட்டோ இன்னும் வரவில்லை. இறக்கியாயிற்று என்று காதில் விழுந்ததும் சலேத் நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தாள். அவளோடு நிழலும் விழுந்து, இல்லாமல் போனது. மல்லாந்து கிடந்த அவள் முகத்தில் வெயில் நேராக அடித்தது. கண் திறந்தபடி இருந்தது, ஆனால் அது ஒன்றையும் பார்க்கவில்லை.

சனங்கள் சுற்றி நின்றார்கள். தண்ணீர் தண்ணீர் என்றார்கள். நிழலுக்குத் தூக்கிட்டுப் போங்க என்று ஒருவர் சொன்னார். எந்த நிழலுக்கு? அந்த ஊருக்கு இருந்த ஒரே நிழல் தரையில் கிடந்தது. 

அப்போது வியாகுலம் தூளியிலிருந்து எழுந்தாள். "ஏட்டி, அசையாத, படு" என்று நாலு பேர் கத்தினார்கள். அவள் காதில் வாங்கவில்லை. ஒரு கை வயிற்றில், ஒரு கை தொம்மையின் தோளில் ஊன்றி எழுந்து, இரண்டு எட்டு வைத்து, மேற்குப் பக்கமாக வந்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவள் நிழல் சலேத்தின்மேல் விழுந்தது. அது மரமாக வளரவில்லை. இலை அசையவில்லை. ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணின் நிழல், அவள் அளவுக்கு, வயிற்றளவு கொஞ்சம் புடைத்து, சலேத்தின் முகத்தையும் நெஞ்சையும் மறைக்கிற அளவுக்கு மட்டும் விழுந்தது.

குழாயடிக்குப் பிறகு முதல் தடவையாக அவள் சலேத்தோடு பேசினாள். "யக்கா, கண்ணை மூடு. நான் நிக்கேன்."

சலேத்தின் உதடு அசைந்தது. "நீ எதுக்குட்டி நிக்க, வயித்துப் பிள்ளைக்காரி."

"நிக்கேன்லா, மூடு" என்றாள் வியாகுலம். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. "நீ யாருக்காக நிக்கன்னு எனக்கு மொத நாளே தெரியும்க்கா. தள்ளித் தள்ளிப் போவேன், போயிட்டு, வாரியான்னு திரும்பிப் பாப்பேன். நீ வராம இருந்துருவியோன்னு பயந்துகிட்டேதான் போவேன். இந்த வாய வச்சுக்கிட்டு எப்படி உன் நெழல்ல வந்து உக்கார?"

சலேத் கண்ணை மூடினாள். தொம்மை ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், யாரையென்று தெரியாது, அநேகமாகத் தன்னைத்தான். சொல்லிவிட்டு வியாகுலத்துக்குப் பின்னால் போய், வெயில் அவள்மேல் படாதபடி நின்றார். தொம்மைக்குப் பின்னால் சாமி போய் நின்றார். சாமிக்குப் பின்னால் உபதேசியார், அப்புறம் பெந்தெகொஸ்தேக்காரர்கள், அப்புறம் கஞ்சி குடிக்க விடுகிறாளா பார் என்று முணுமுணுத்தவர்கள். ஆட்டோ வந்து ஹாரன் அடித்தபோது, நடுரோட்டு வெயிலில் ஒரு ஊரே ஒருவருக்குப் பின் ஒருவராக மேற்கிலிருந்து கிழக்கே நின்றுகொண்டிருப்பதைக் கண்டு, இது எந்தத் திருவிழா என்று டிரைவர் கேட்டார்.

வைகாசிக் கடைசியில் பிள்ளை பிறந்தது, பெண் பிள்ளை, நல்ல எடை, நல்ல தொண்டை. ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் யார் என்று சாமி கேட்டபோது வியாகுலம் பிள்ளையை அப்படியே சலேத்தின் கையில் வைத்தாள். குழாயடியில் அந்தச் சொல்லைக் கேட்ட பெண்கள் எல்லாரும் அன்றைக்குக் கோயிலில் இருந்தார்கள். அன்றைக்குச் சமாதானம் சொன்னபோது வடக்கும் தெற்கும் பார்க்க யாரும் இல்லை.

சலேத்தின் கண்ணில் பாதி அந்தக் கரையிலேயே தங்கிவிட்டது. ஆள் தெரியும், முகம் தெரியாது. உப்பு வார முடியாது. ஆனாலும் தினம் லாரியில் வருவாள். வியாகுலம் வேலை செய்யும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, உப்பு குவிக்கிற மேட்டில் உட்கார்ந்திருப்பாள். அந்தப் பெரிய நிழல் பிறகு வரவே இல்லை. வேண்டியும் இருக்கவில்லை. உச்சிப்பொழுதைத் தவிர்த்துக் காலையிலும் சாய்பொழுதிலும் கஞ்சி குடிப்பது என்று ஆக்கிக்கொண்டார்கள். பாதிப் பேர் உட்கார்ந்தால் பாதிப் பேர் வெயில்பக்கம் நிற்பார்கள், அப்புறம் மாறிக்கொள்வார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு உப்பு வாரச் சொல்லிக் கொடுக்கும்முன் எங்கே நிற்பது என்று சொல்லிக் கொடுப்பார்கள்.

கதை கேள்விப்பட்டு இப்போதும் வெளியூரிலிருந்து ஆட்கள் காரெடுத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படித்தான் ஒருநாள் சாய்பொழுதில் ஒருவர் வந்து, கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக, "அந்த அதிசய நிழல் எங்கேங்க?" என்று கேட்டார்.

தொம்மை மூக்குப்பொடியை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பாக்கணுமா? இப்படி வாரும். இன்னும் கொஞ்சம். ஆங், அங்க நில்லும். தொப்பியக் கழத்தாதேயும், அது இருந்தா நல்லதுதான்."

வந்தவர் நின்றார். வேர்த்துக் கொட்டியது. சுற்றுமுற்றும் பார்த்தார். "ஒண்ணும் தெரியலியே" என்றார்.

"உமக்குத் தெரியாதுவே" என்றார் தொம்மை, மேட்டில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த சலேத்தைக் காட்டி. "அவளைக் கேளும்."

சலேத் முகத்தை உயர்த்தினாள். யார் வந்து நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. மடியில் பிள்ளை அவர் நிழலில் கண்ணைச் சுளிக்காமல் தூங்கியது. "யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும்" என்றாள்.